சிறுதேரும் பெருந்தேரும்

குறுந்தொகையிலே தும்பிசேர் கீரனார் பாடிய செய்யுள் ஒன்று உண்டு. தச்சன் சிறுவர்க்கென்று ஒரு சிறுதேர் செய்து கொடுக்கின்றான். அதில் ஏறிச் செல்லுதல் இயலாது. ஆயினும் சிறுவர் அதனைக் கையால் இழுத்துத் திரிந்து, அவ்வளவிலேயே இன்புறுகின்றனர். தலைவனுடைய கேண்மை தரும் இன்பம் இத்தகையது என்பதை விளக்கவே புலவர் இவ்வுவமையை எடுத்தாண்டார். அகப்பொருள் கற்போர் உவமையை விரைவிற் கடந்து பொருளுக்குச் சென்றுவிடுவது வழக்கம். நானோ இன்று உவமையின் பக்கத்திலேயே தங்கிவிடப் போகின்றேன்.

அந்தத் தச்சன் மிகுந்த கைவல்லவன் என்று வைத்துக்கொள்வோம். அச்சும் ஆரக்காலும் கடையாணியும் மெய்த்தேரில் உள்ளவாறே அமைத்துவிடுகின்றான். பள்ளத்தில் இறங்கினால் அது சாய்கின்றது; விரைந்து திருப்பினாற் கவிழ்கின்றது; கடையாணி கழன்றால் சில்லு தனியே ஓடிவிடுகின்றது. இப்போது சிறுவனுடைய இன்பம் மிகுமோ, குறையுமோ?

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வினா, கணினியிலும் கைத்தொலைபேசியிலும் மோட்டார்ப் பந்தயம் ஆடுவோரிடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் பெருவழக்கு. பந்தய விளையாட்டு மெய்யான பந்தயத்தை அணு அணுவாக ஒத்திருத்தல் வேண்டும் என்பது ஒரு கட்சி. ஒத்திருந்தால் என்ன, ஒவ்வாதிருந்தால் என்ன, களிப்பூட்டினாற் போதும் என்பது மறு கட்சி. இதிலே தமிழ்ப் பண்டிதனுக்கு என்ன வேலை என்று வினவுவார் உளர். இரண்டு காரணம் கூறுவேன். முதலாவது, உள்ளது உள்ளவாறு கூறுதலா, சுவைபடக் கூறுதலா என்பது நம் இலக்கண நூலார் ஆராய்ந்து முடிவு கண்ட வினா. இரண்டாவது, நான் வாழ்வது ஹல்துமுல்லையில். பெலிஹுல்ஓயாப் பக்கமிருந்து எங்கள் ஊர் வழியாகப் பெரகலைக்கு ஏறி, ஒரு கிளையாக அப்புத்தளைக்கும் மற்றொரு கிளையாகக் கொஸ்லந்தை வழியே வெல்லவாயாவுக்கும் செல்லும் மலைச்சாலையின் முடக்குகளை அறிந்தவர்க்கு, வண்டி ஓட்டுதல் என்பது எந்நாளும் வெறும் விளையாட்டாகத் தோன்றியதில்லை. அச்சாலையோரத்து லயங்களிலிருந்து பள்ளிக்கு வரும் என் மாணாக்கரோ, மாலையானதும் கைத்தொலைபேசியில் மணிக்கு இருநூறு மைல் வேகத்திற் பறக்கின்றனர்.

இவ்விளையாட்டுகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்வேன். 1982 ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய நாம்கோ வெளியிட்ட 'போல் பொசிஷன்' என்பதே பந்தய விளையாட்டை உலகெங்கும் பரப்பியது எனலாம். யப்பான் நாட்டில் உண்மையாகவே உள்ள பூஜி பந்தயத் தடத்தை அது திரையிற் காட்டிற்று. 1986 இல் சேகா நிறுவனத்தின் யூ சுசுக்கி 'அவுட்ரன்' என்பதை ஆக்கினார். அதிலே கடற்கரையோரம் சிவப்புக் கார் ஒன்று விரைகின்றது. ஓட்டுபவனுக்கு அருகே ஒரு பெண் அமர்ந்திருக்கின்றாள். புறப்படுமுன் வானொலியில் எந்தப் பாட்டு வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். மோதினால் கார் உருண்டு புரளும். இருவரும் தூக்கி எறியப்படுவர். பின்னர் ஒன்றும் நேராதவர்போல் நிலத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பர். 1992 இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'சுப்பர் மாரியோ கார்ட்' இன்னும் ஒருபடி சென்றது. வாழைப்பழத் தோலை எறிந்து பின்வருவோனை வழுக்கி விழச் செய்யலாம். பள்ளத்தில் வீழ்ந்தவனை முகில்மேல் வரும் ஓர் ஆமை தூண்டிற்கோலால் தூக்கிவிடும். பின்தங்கியவனுக்கு நல்ல கருவிகள் கிடைக்கும். முன் நிற்பவனுக்கு அற்பமானவையே வாய்க்கும். தேர்வில் கடைசி மாணாக்கனுக்கு மட்டும் வினாத்தாளை எளிதாக்கிக் கொடுப்பதற்கு இஃது ஒப்பாகும். பள்ளிக்கூடத்தில் ஏற்கமாட்டேன், வாழைப்பழத் தோல் எறியும் நாட்டில் ஏற்றுக்கொள்வேன்.

மறு கட்சியின் பெருவிளக்கு 1997 டிசம்பரில் யப்பானில் ஏற்றப்பட்டது. கசுனோரி யமவுச்சியின் தலைமையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டு உழைத்து ஆக்கப்பட்ட 'கிரான் டூரிஸ்மோ' அது. தன்னை 'மெய்யான ஓட்டுதற் போன்மை' என்று பெயர்ப்பலகையிலேயே அறிவித்துக்கொண்டது. அதிலே பந்தயத்துக்குள் நுழைய முன் சாரதி அனுமதிப்பத்திரத் தேர்வில் சித்தியெய்த வேண்டும். குறித்த தூரம் ஓடிக் குறித்த எல்லைக்குள் நிறுத்து என்பதுதான் தொடக்கப் பாடம். விளையாடப் போன இடத்திலும் தேர்வா என்று மாணாக்கர் அஞ்சி ஓடவில்லை. கோடிக்கணக்கானோர் வாங்கினர், தோற்றனர், மீண்டும் எழுதினர். எங்கள் பாடங்களுக்கும் அந்த யமவுச்சியைக் கொண்டு வினாத்தாள் அமைத்தால் என்ன என்று எண்ணியதுண்டு. நிற்க.

(இடையே ஒரு சொல்லாராய்ச்சி. ஒன்றைப் போலச் செய்து காட்டுதலைத் தமிழகத்தார் 'பாவனை' என்பர். நம் நாட்டிலோ 'பாவனை' என்றால் பயன்படுத்துதல் என்றே பொருள். நீர்ப்பாவனையாளர் என்று கட்டணச் சீட்டில் அச்சிடுகின்றோம். அதனால் 'போன்மை' என்னும் சொல்லை ஆள்கின்றேன். 'சாரதி' என்னும் சொல்லிலோ நமக்கு ஒரு பெருமை உண்டு. பார்த்தனுக்குத் தேர் ஓட்டிய கண்ணனுக்கும் பதுளை பஸ் வண்டியை ஓட்டுபவருக்கும் நாம் வழங்குவது ஒரே பெயர்.)

இனி இலக்கணத்துக்கு வருவோம். தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைக் கூறி, இரண்டும் கலந்த புலனெறி வழக்கமே பாடலுக்கு உரியது என்று அகத்திணையியலில் விதித்தார். உலகத்தார் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது உலகியல். நாடக வழக்காவது, சுவை தருவனவற்றையெல்லாம் ஓரிடத்து நிகழ்ந்தனபோலத் தொகுத்துக் கூறுதல் என்பது இளம்பூரணர் உரையின் கருத்து. இவ்விளக்கத்தைப் பந்தய விளையாட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலோரம், மலை வளைவு, சுரங்கப் பாதை, சூரியாஸ்தமனம், முன்னே ஓடும் போட்டிக் கார் யாவும் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடுகின்றன. கொழும்பிலிருந்து பதுளைக்கு வருவோர் அறிவர், மெய்ச்சாலையில் இவற்றுக்கிடையே எத்தனை மணி நேரம் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து செல்லவேண்டியிருக்கும் என்பதை!

ஆகவே களியாட்டக் கட்சியார் நாடக வழக்கினர், போன்மைக் கட்சியார் உலகியல் வழக்கினர் என்று பகுத்துவிட்டு எழுந்துவிடலாமா? விட முடியாது. போன்மைக் கட்சியாருடைய பட்டறைக்குள்ளே சென்று பார்த்தால் அங்கும் நாடகமே நிறைந்து கிடக்கின்றது. இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இவ்வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது.

கார் ஓடுதல் என்பது நான்கு டயர்கள் தரையைப் பற்றும் பற்றே. ஒவ்வொரு டயரும் உள்ளங்கையளவு இடத்தில் மட்டுமே தரையைத் தொடுகின்றது. அந்த அளவுக்குள் அடங்கும் பற்று ஒன்றே வண்டியை முன்செலுத்தவும் நிறுத்தவும் திருப்பவும் பயன்படுகின்றது. முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மாதச் சம்பளத்தை ஒரே கடையில் செலவிட்டவன் மறு கடை வாசலில் நிற்கும் நிலைதான். மேலும் பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடை முன் சில்லுகளின்மேல் சாய்கின்றது. பின் சில்லுகள் இலேசாகின்றன. அவ்வேளையில் வெடுக்கென்று திருப்பினால் பின்புறம் வழுக்கிச் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் பஸ் சாரதி, வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து, கியரைக் குறைத்து, பின்னரே திருப்புவதன் இரகசியம் இதுதான். இடையறாது பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறித் தன் வலிமை இழக்கும். அவர் இதனை எந்த நூலிலும் படித்திருக்கமாட்டார். அவருடைய முதுகும் இருக்கையும் அவருக்குக் கற்பித்தன.

இந்தப் பற்றினைக் கணக்காக்கிக் கணினிக்குக் கொடுப்பதுதான் போன்மையின் தலையாய வேலை. அதற்குப் பெரிதும் பயன்படுவது ஒல்லாந்து நாட்டு டெல்ப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசெய்க்கா 1980 களில் பிறருடன் சேர்ந்து வகுத்த ஒரு சூத்திரம். அதன் பெயர் என்ன தெரியுமா? 'மந்திரச் சூத்திரம்' என்பதே! அச்சூத்திரத்தின் வடிவத்துக்குப் பௌதிகவியலிலிருந்து பெறப்பட்ட காரணம் இல்லை. ஆயினும் சோதனையில் அளந்த அளவுகளோடு வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றது. அதனால் அப்பெயர் பெற்றது. மெய்ம்மை, மெய்ம்மை என்று முழங்குவோருடைய அடித்தளத்திலே ஒரு மந்திரம் உட்கார்ந்திருப்பது எனக்கு மிக்க உவகை தந்தது.

நாடகம் இத்துடன் முடியவில்லை. மெய்யான சாரதி வண்டியின் நிலையை உடலால் அறிகின்றார். நாற்காலியில் அமர்ந்து திரையைப் பார்ப்பவனுக்கு அவ்வறிவு இல்லை. ஆதலின் டயர் கீச்சிடும் ஓசையை மிகைப்படுத்தி, வழுக்கப் போகின்றது என்பதைச் செவி வழியே அறிவிக்கின்றனர். திரையில் மெய்யான வேகத்தை மெய்யான அளவிலேயே காட்டினால் அது நத்தை வேகமாகத் தோன்றுகின்றது. எனவே பார்வையை அகலப்படுத்தியும், மரங்களையும் கம்பங்களையும் சாலைக்கு நெருக்கமாக நட்டும் வேகவுணர்ச்சியைப் பெருக்குகின்றனர். தன்மை நவிற்சியை அசையாது அமர்ந்திருப்பவனிடம் சேர்ப்பதற்கு உயர்வு நவிற்சியே வாகனமாகின்றது. இராமன் வில்லை எடுத்ததற்கும் அது முறிந்ததற்கும் இடையில் அவையோர் எதையும் காணவில்லை என்று கம்பர் பாடியபோது அவர் செய்ததும் இதுவே. கண்ணுக்கு எட்டாத விரைவைக் காட்டுவதற்கு, காட்டாமல் விடுவதே வழி என்று கண்டார்.

இரு கட்சியாரும் புலனெறியிலேதான் நிற்கின்றனர். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதிலேதான் வேறுபாடு. போன்மைக் கட்சியில் அறவே விட்டுக்கொடாத ஒரு நூலையும் சொல்லவேண்டும். அமெரிக்கப் பப்பைரஸ் நிறுவனம் ஆக்கி 1998 இல் வெளிவந்த 'கிரான்ப்ரீ லெஜென்ட்ஸ்' 1967 ஆம் ஆண்டின் பந்தயங்களை மீளப் படைத்தது. வண்டியைத் தரையோடு அழுத்தும் இறக்கைத் தகடுகள் அக்கார்களில் இன்னும் தோன்றவில்லை. எஞ்சினோ பெருவலி படைத்தது. பெல்ஜியத்து ஸ்பா தடம் அக்காலத்தில் ஊர்ச்சாலைகளே. வீட்டுச் சுவரும் வேலிக் கம்பியும் தடத்தோரத்தில் நின்றன. இவ்விளையாட்டைத் தொடங்கியவர் முதல் வளைவைக் கடக்கவே நாட்கணக்கில் பயின்றனர். விற்பனையில் அது பெருவெற்றி காணவில்லை. ஆயினும் பயின்று தேறியவர்கள் அதனை இன்றுவரை காவியம்போற் போற்றுகின்றனர். அதனை ஆக்கியவருள் தலைவராகிய டேவிட் கேமர் பின்னர் 2008 இல் 'ஐரேசிங்' என்னும் இணையப் பந்தயத்தைத் தொடங்கியவருள் ஒருவர். அங்கே தடத்தின் மேடுபள்ளங்களை லேசர்க் கதிரால் அளந்து பதிவுசெய்கின்றனர். உலகச் சம்பியன் பட்டம் வென்ற மக்ஸ் வெர்ஸ்டப்பன் ஓய்வு நேரத்தில் அதில் ஓட்டுகின்றார். மெய்ப்பந்தயத்தில் வென்று களைத்தவர் பொய்ப்பந்தயத்தில் இளைப்பாறுகின்றார் என்றால், போன்மை வறட்டுக் கல்வி, அதில் களிப்பில்லை என்ற வாதம் நிற்குமா? கடினம் தரும் களிப்பு ஒரு தனி வகை. வெண்பா யாத்தவர் அறிவர். தளை தட்டாது ஈற்றடி முடிந்த கணத்தின் இன்பத்தை வசனகவிதை தரமாட்டாது. இக்கூற்றுக்காக இளங்கவிஞர் என்மீது சினங்கொள்வராயினும் கொள்க.

இதுவரை கூறியவற்றால் நான் போன்மைக் கட்சியைச் சார்ந்தவன் என்று வாசகர் முடிவுசெய்திருக்கக்கூடும். எனக்கு அக்கட்சியோடு ஒரு பிணக்கு உண்டு. டயரின் பற்றை நூலிழை பிசகாமல் காட்டுபவர்கள், அப்பற்று நீங்கியபின் நிகழ்வதை மட்டும் திரைபோட்டு மறைத்துவிடுகின்றனர்.

கிரான் டூரிஸ்மோவிலே பல ஆண்டுகளாகக் கார் எதனோடு மோதினாலும் அதன் மேனியில் கீறல் விழுந்ததில்லை. 2010 இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேதான் வண்டி நசுங்குவது காட்டப்பட்டது. தம் வண்டி நொறுங்கிக் கிடக்கும் கோலத்தை உற்பத்தியாளர் விரும்பமாட்டார்கள் என்பது அத்துறையில் நெடுங்காலமாகப் பேசப்படும் காரணம். மறுபுறம், மோதுவதையே திருவிழாவாகக் கொண்டாடும் 'பேர்ன்அவுட்' என்னும் விளையாட்டுத் தொடர் உண்டு. அதன் 2008 ஆம் ஆண்டுப் பதிப்பிலே கார்களுக்குள் எட்டிப் பார்த்தால் ஓட்டுநர் இருக்கையில் ஒருவரும் இல்லை! ஆளில்லாத ஊரில் ஆளில்லாத வண்டிகள் மோதுகின்றன. அதனை ஆக்கியவர் நாணமின்றி அவ்வாறு செய்தார் என்று நான் குறைகூறவில்லை. மனிதனை அங்கே அமர்த்தினால் களிப்பு செத்துவிடும் என்று அவர் நன்கு அறிந்திருந்தார் என்றே கொள்கின்றேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகைக்கு நான்கு நிலைக்களன் கூறி, அவற்றுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். அவ்வுவகைக்கு ஓர் அடைமொழியும் கொடுத்தார்: துன்பத்தின் நீங்கிய உவகை என்பது. சிறுதேர் உருளும்போது எவரும் நசுங்குவதில்லை. பட்டினப்பாலையிலே, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேருக்கு நேரும் இடையூறு யாது? நெல்லைத் தின்ன வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை வழியிற் கிடந்து தடுக்கின்றது. அவ்வளவே அவ்வூர்ச் சாலை விபத்து. பெருந்தேருக்கு நேர்ந்தது வேறு. திருவாரூர் வீதியிலே சோழ இளவரசனின் தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று அகப்பட்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். கண்ணகி பாண்டியன் அவையில் எடுத்துக்கூறியதும் சேக்கிழார் விரித்துப் பாடியதும் இதனையே. சிறுதேருக்கும் பெருந்தேருக்கும் இடையே உள்ள வேறுபாடு உருவத்தின் அளவன்று. பெருந்தேர் ஓடும் ஊரில் ஒரு மணி தொங்குகின்றது.

இந்த எல்லை அண்மைக் காலத்திலே குழம்பிப்போன செய்திகள் சில. 2020 ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி மெய்ப்பந்தயங்கள் நின்றபோது, வீரர் தத்தம் இல்லத்திலிருந்து கணினியிற் பந்தயம் ஓடினர். ஜேர்மானிய வீரர் டானியல் அப்ட், தமக்குப் பதிலாகக் கைதேர்ந்த விளையாட்டாளன் ஒருவனை மறைவில் இருத்தி ஓட்டவைத்தார். வேடிக்கைக்காகச் செய்ததே என்று பின்னர் விளக்கினார். அவரை அமர்த்தியிருந்த அவுடி நிறுவனம் அவரைப் பணியிலிருந்து இடைநிறுத்தியது. அவர் அதனைச் சிறுதேர் என்று எண்ணினார். நிறுவனம் பெருந்தேர் என்று தீர்ப்பளித்தது.

இன்னொன்று இதனினும் கனமானது. நிசான் நிறுவனமும் கிரான் டூரிஸ்மோ ஆக்கியோரும் சேர்ந்து 2008 முதல் நடத்திய தெரிவுப் போட்டியில், திரையில் வேகமாக ஓட்டியவர்களை மெய்க்காரில் ஏற்றினர். 2011 இல் வென்ற பிரித்தானிய இளைஞர் யான் மார்டன்பரோ, 2013 இல் லெமான் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார். விளையாட்டின் டயர்க் கணக்கு பொய்யன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2015 மார்ச் 28 இல் ஜேர்மனியின் நேர்பேர்க்ரிங் தடத்திலே ஒரு மேட்டில் அவர் வண்டி காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டி வீழ்ந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மேட்டினை அவர் திரையில் எத்தனை முறை கடந்திருப்பாரோ! 2023 இல் அவர் கதை திரைப்படமாக வந்தது. படத்தார் அவ்விபத்தை லெமான் வெற்றிக்கு முன்னதாக நகர்த்தி வைத்தனர். துயரிலிருந்து எழுந்து வென்றான் வீரன் என்று கதை அமைந்தது. சுவை தருவனவற்றைத் தொகுத்துக் கூறுதல் என்ற நாடக வழக்கு இங்கே ஒரு மனிதனின் சாவைக் கதைக்குப் படிக்கட்டாக்கிற்று. பலர் கண்டித்தனர், நானும் அவருள் ஒருவன்.

இவை வெளிநாட்டுச் செய்திகள். எங்கள் மலைநாட்டிலும் பந்தயத்துக்குப் பழமை உண்டு. நுவரெலியா மஹகஸ்தோட்டையில் 1934 முதலே மலையேற்றக் கார்ப் பந்தயம் நடந்துவருகின்றது. அப்புத்தளை முகட்டுக்கு அப்பால், தியத்தலாவை இராணுவ நிலையத்தருகே உள்ள பொக்ஸ் ஹில் தடத்தில் 1993 முதல் சித்திரைப் பருவத்தில் மண்தடப் பந்தயம் நடத்தப்பட்டது. ஊவா மாகாணத்துச் சிறுவருக்கு அது திருவிழா. 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, சில ஆண்டு இடைவெளிக்குப்பின் அப்பந்தயம் நடந்தது. ஓடிய கார்களுள் ஒன்று தடத்தைவிட்டு விலகிப் பார்வையாளர் நின்ற இடத்துட் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவருள் பந்தயப் பணியாளரும் இருந்தனர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். காயமுற்றோர் இருபதுக்கு மேற்பட்டோர்.

அடுத்த நாள் வகுப்பிலே பாடம் நடக்கவில்லை. அக்காணொளி எல்லார் கைத்தொலைபேசியிலும் வந்திருந்தது. ஒரு மாணாக்கன் எழுந்து, "சேர், கேம்ல ஆளுங்க வெலகிடுவாங்க சேர்" என்றான். அவன் சொன்னது மெய். மண்தடப் பந்தய விளையாட்டுகளிலே பார்வையாளர் தடத்தோரம் நெருங்கி நிற்பர். கார் அணுகியதும் துள்ளி விலகுவர். அல்லது கார் அவர்களை ஊடுருவிச் சென்றுவிடும், அவர்கள் வண்ணம் பூசிய நிழலே ஆதலின். ஆக்கியோர் அவர்களை அங்கே நிறுத்தியது அழகுக்கும் வேகவுணர்ச்சிக்கும். சாலையோர மரம் செய்யும் தொழிலையே அவர்களும் செய்கின்றனர். 1986 இல் போர்த்துக்கல் நாட்டுப் பந்தயத்தில் தடத்தோரத்துக் கூட்டத்தினுள் கார் பாய்ந்து மூவர் மாண்டனர். அதனோடு பிற இறப்புகளும் சேர, 'பிரிவு பி' எனப்பட்ட அப்பெருவேகக் கார்களே அடுத்த ஆண்டு முதல் உலகப் பந்தயத்தினின்று விலக்கப்பட்டன. இன்று 'டேர்ட் ரலி' முதலிய விளையாட்டுகளில் அவ்வண்டிகளை எவரும் ஓட்டலாம். அவற்றை அஞ்சாது முழுவேகத்தில் ஓட்டுவதற்குச் சிறுதேரைவிடத் தக்க இடம் ஏது? அது விளையாட்டு செய்யும் பேருதவி என்றே கருதுகின்றேன். அங்கே தோன்றும் கூட்டம் துள்ளி விலகுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். சில்லின் கீழ் மண் சிதறுவதைத் துகள் துகளாகக் காட்டி, மனிதக் கால்களுக்கு மட்டும் மானின் விரைவைக் கொடுப்பது உலகியலும் அன்று, நாடகமும் அன்று. மாரியோவின் உலகிலே முகில்மேல் ஆமை வருவதைக் கண்ட சிறுவன் அதனை நம்பிச் சாலைக்கு வருவதில்லை. ஏறத்தாழ எல்லாம் மெய்யாயிருக்க, ஒன்று மட்டும் பொய்யாயிருக்குமிடத்திலேதான் அவன் ஏமாறுகின்றான்.

எனவே என் தீர்ப்பு, கேட்பாருக்குக் கூறுவது, இதுவாகும். கூட்டத்தைக் காட்டமாட்டேன் என்று துணிந்து வெறுந்தடத்தில் ஓடவிடும் விளையாட்டு நேர்மையானது. எல்லாம் கேலிக்கூத்து என்று அறிவித்துவிட்டு ஆடும் விளையாட்டும் நேர்மையானது. முன்னதிலே கல்வியுண்டு, பின்னதிலே நகையுண்டு. இரண்டுக்கும் நடுவே, பளபளப்பான மெய்ம்மையைப் பூசிக்கொண்டு, பின்தங்கினால் எதிரிகளை இரகசியமாக மெதுவாக்கியும், முந்தினால் இரகசியமாக வேகமூட்டியும், 'நீ சிறந்த சாரதி' என்று முகமன் கூறும் விளையாட்டுகள் மிகுதி. கைத்தொலைபேசியில் இலவசமாக வருவனவற்றுள் இத்தகையன பல. அவற்றை எனக்குப் பிடிப்பதில்லை. புகழ்ந்துரைத்தே மாணாக்கனைக் கெடுக்கும் ஆசிரியரையும் எனக்குப் பிடிப்பதில்லை.

எங்கள் பக்கத்துப் பையன்கள் இப்போது விரும்பி ஆடுவது பந்தயமே அன்று என்பதையும் சொல்லவேண்டும். இந்தோனேசியாவிலே மலேயோ என்னும் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட பஸ் ஓட்டும் விளையாட்டு அது. வண்டியின் மேற்பூச்சை ஆடுபவரே மாற்றிக்கொள்ளலாம். ஆகவே நம் இ.போ.ச. பஸ்களின் சிவப்பும், தனியார் பஸ்களின் சித்திரங்களும், முகப்பில் எழுதும் ஊர்ப்பெயரும் இந்தோனேசியச் சாலையில் ஓடுகின்றன. இசைபோல் ஒலிக்கும் ஊதுகுழலும் உண்டு. அதனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமைதி இல்லை. என் வகுப்பு மாணாக்கன் ஒருவன் அதனை ஆடும்போது அருகிலிருந்து பார்த்தேன். ஏற்றத்தில் எதிரே ஒரு லொறி வந்தது. இறங்கிக்கொண்டிருந்த அவன் தன் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி இடம் விடுதல் எங்கள் மலைச்சாலை வழக்கம். விளையாட்டு அதனைக் கேட்கவில்லை. நின்றதற்குப் புள்ளியும் இல்லை. நேரம் போகின்றதென்று அருகிலிருந்த தோழர்கள் கூவினர். ஏன் நின்றாய் என்று கேட்டேன்.

"அப்பதான் சேர், நம்ம ரோடு மாதிரி இருக்கு" என்று சொல்லி, லொறி கடந்தபின் மெல்லக் கியரைப் போட்டான்.